டர்போ எஸ்யூவி இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றுவதற்கு முன்

என் டர்போ பெட்ரோல் எஸ்யூவி இதுவரை மூன்று முறை ஒரே நோயோடு படுத்திருக்கிறது. மேட்டில் அழுத்தினால் ஏறாது, செக் என்ஜின் விளக்கு எரியும், பின்னால் வருகிற சின்ன கார்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகும். முதல் முறை ஒர்க்‌ஷாப்பில் ஒரே வார்த்தையில் சொன்னார்கள்: "டர்போ போச்சு, மாத்தணும்." மாற்றவில்லை. காரணம் கிழிந்த ரப்பர் ஹோஸ். இரண்டாம் முறை தளர்ந்த கிளாம்ப். மூன்றாம் முறை, ஏர் ஃபில்டர் மாற்றும்போது நானே முழங்கையால் இடித்துக் கழற்றிவிட்ட, பென்சில் கனம்கூட இல்லாத ஒரு வேக்குவம் ட்யூப். இன்றுவரை அதே டர்போதான் ஓடுகிறது.

அப்புறம் தெரிந்தவர்களின் வண்டிகளையும் பார்க்க ஆரம்பித்தேன். அதில் கண்டதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத சோதனை முதலில், பெரிய செலவு கடைசியில். பெட்ரோல் டர்போ, தேவைப்படும்போது பின் சக்கரங்களுக்கும் விசை அனுப்பும் ஆல் வீல் டிரைவ் — இந்த வகை வண்டிக்குத்தான் இது.

கையில் இருக்க வேண்டியவை: வண்டியின் கணினியில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் (போனோடு இணையும் சின்ன வகை போதும்), நல்ல டார்ச், ஸ்க்ரூடிரைவரும் சாக்கெட்டும், டயரின் சுற்றளவு எடுக்கத் தையல்காரர் டேப். என்ஜின் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும். நல்ல ஓட்டம் ஓடிய டர்போவின் வெளிக்கூடு ரொம்ப நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். தொட்டால் தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

## முதலில், இவை கோளாறு அல்ல

சாவியை அணைத்த பிறகும் விசிறியோ ஒரு சின்ன பம்போ சில நிமிடம் ஓடுகிறதா? டர்போவைக் குளிர்விக்கிறது, விடுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது "ப்ஷ்" என்று மெல்லிய சத்தம் வந்தால் அது டைவர்ட்டர் வால்வு (காலை எடுத்ததும் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திருப்பிவிடுவது) தன் வேலையைச் செய்வது. என்ஜின் குறைந்த சுற்றில் (ஆர்பிஎம்) இருக்கும்போது அழுத்தியதும் ஒரு கணம் யோசித்துவிட்டு இழுப்பது டர்போவின் பிறவிக்குணம். கடும் வெயிலில் ஏசி போட்டு ஓட்டும்போது பிக்கப் கொஞ்சம் குறைவதும் இயல்புதான், உள்ளே போகும் காற்று சூடாக இருக்கிறது.

எக்கோ மோடில் போட்டுவிட்டு மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். புது ஃப்ளோர் மேட் மடங்கி ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் சிக்கி, பெடல் முக்கால்வாசிதான் இறங்குகிறது என்பது தெரியாமல் ஸ்கேனர் வாங்கியவரும் உண்டு. குனிந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: இழுவை திடீரென்று போனது, விளக்கு எரிகிறது

வண்டி லிம்ப் மோடுக்குப் போயிருக்கிறது. அதாவது என்ஜினைக் காப்பாற்ற இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டர்போ அழுத்தத்தை, டர்போ என்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, வெட்டிவிட்டது. ஓரமாக நிறுத்தி அணைத்து மறுபடி போட்டால் சில நேரம் இழுவை திரும்பி வரும். அதை வைத்து 'சரியாகிவிட்டது' என்று நினைக்காதீர்கள். அதே மேட்டில் மறுபடி விழுந்தால், கசிவு எல்லைக்கோட்டில் இருக்கிறது அல்லது ஏதோ ஒன்று சிக்கிச் சிக்கி நகர்கிறது என்று அர்த்தம்.

ஸ்கேனரில் கோடை, அதாவது கோளாறு எண்ணை, எடுங்கள். அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால் அது உதவும்.

### பி0299 வந்தால் (அழுத்தம் போதவில்லை)

அதிகம் பார்க்கும் கோடு இதுதான். பதறி டர்போ விலை கேட்கப் போக வேண்டாம். அழுத்தம் போதவில்லை என்றுதான் கோடு சொல்கிறது, டர்போ கெட்டது என்று சொல்லவில்லை.

ஏர் ஃபில்டர். கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். மண் படிந்து அட்டைபோல் ஆகியிருந்தால் மாற்றுங்கள். ஃபில்டர் பெட்டிக்குள் காய்ந்த இலை, எலி கொண்டுவந்த பஞ்சு எல்லாம் இருக்கும், அதையும் பாருங்கள்.

ஹோஸும் கிளாம்ப்பும். இங்கேதான் பொறுமை வேண்டும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விப்பது) ஒரு குழாய், இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்கு (என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடுவது) ஒரு குழாய். என்ஜின் ஐடிலில் இருக்கும்போது இந்தக் குழாய்களில் அழுத்தமே இராது. அதனால் பானெட்டைத் திறந்து, வண்டியை நிற்க வைத்து ஓடவிட்டு, சோப்புத் தண்ணீர் அடித்துக் குமிழி தேடினால் ஒன்றும் தெரியாது. "கசிவு இல்லை சார்" என்று எனக்குச் சொன்னவர் அப்படித்தான் பார்த்தார். பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த நேரத்தில் கசிவு இல்லை.

கசிவைக் காட்டிக்கொடுப்பது எண்ணெய்க் கறை. இந்தக் குழாய்களுக்குள் எப்போதும் மெல்லிய ஆயில் பிசுக்கு இருக்கும், அது இயல்பு. எங்கே காற்று வெளியேறுகிறதோ அங்கே அந்தப் பிசுக்கும் வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். என் வண்டியில் அடிப்பக்கத் தட்டைக் கழற்றியபோது அதன் உட்புறத்தில் ஒரே ஓர் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மண் அப்பியிருந்தது. நேர் மேலே இன்டர்கூலரின் கீழ் ஹோஸ். டார்ச் அடித்துப் பார்த்தேன், கிழிசல் தெரியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தேன். கிளாம்ப்புக்குப் பக்கத்தில், அடிப்பக்கமாக, விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் வாய்.

ஆகவே பார்ப்பது போதாது, வளைக்க வேண்டும். ஒவ்வொரு ஹோஸையும் முறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கிளாம்ப்பிலும் ஹோஸ் நேராக, கடைசி வரை உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கிளாம்ப் இறுக்கமாக இருந்தும் ஹோஸ் சாய்வாக ஏறியிருக்கலாம். கழற்றி மாட்டும்போது குழாய் முனையின் ஆயிலைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மேட்டில் வழுக்கிக் கழன்றுவிடும். தன்னோடு தானே ஒட்டும் சிலிகான் டேப்பைச் சுற்றி வீடு வந்து சேரலாம். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது.

சின்ன வேக்குவம் ட்யூப்கள். டர்போ அழுத்தம் மிஞ்சாமல் புகையை வேறு வழியில் திறந்துவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதை வேக்குவத்தால் மூடி வைக்கும் வகை வண்டியில் ஒரு ட்யூப் கழன்றாலே அழுத்தம் ஏறாது. சோலனாய்டிலிருந்து (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின்வால்வு) ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட்டின் கம்பியை நகர்த்தும் பகுதி) வரை விரலை ஓட்டுங்கள். வெடித்து நாராகிய ரப்பரை மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது உத்தமம்.

டைவர்ட்டர் வால்வு. உள்ளே ரப்பர் சவ்வு உள்ள வகையில் சவ்வு கிழியும். பெரும்பாலும் மூன்று போல்ட்டுதான். கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிஸ்டன் வகை மாற்றுவால்வு கிடைத்தால் அதைப் போடலாம்.

வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர். கம்பி துரு பிடித்துச் சிக்குகிறதா? வேக்குவம் வகையைக் கைப் பம்பால் சோதிக்கலாம்: இழுத்தால் கம்பி வழவழப்பாக நகர வேண்டும், பம்பை நிறுத்தினால் அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பினால் சவ்வு ஓட்டை. மின்சார வகையை ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்தான் இயக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் டர்போ. உள்ளே காற்று நுழையும் பக்கத்துக் குழாயைக் கழற்றி, ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும். அது ஆயில் படலத்துக்காக விட்ட இடைவெளி, பயப்பட வேண்டாம். உள்ளே வெளியே என்று நீளவாக்கில் ஆடக் கூடாது. இறக்கைகள் கூட்டின் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ, முனை கடித்ததுபோல் இருந்தாலோ டர்போ போயிற்று.

அப்படியானால் மாற்றச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் செத்தது? டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்று சுற்றுகிறது. அதைத் தாங்குவது ஆயில் படலம் மட்டுமே. ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால் புது டர்போவும் சில வாரத்தில் அதே வழியில் போகும். சுபாருவின் பழைய இஜே255 டர்போ என்ஜின்களில் ஆயில் குழாயின் போல்ட்டுக்குள்ளேயே ஒரு சின்ன வலை இருக்கும். அதில் கசடு அடைத்து டர்போ கருகுவது அந்த என்ஜினை வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. டர்போ மாற்றும்போது ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள், இன்டர்கூலருக்குள் உடைந்த துகள் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் 'தேவையில்லை' என்று சொல்லும் இடத்தில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

### பி0234 வந்தால் (அழுத்தம் மிஞ்சிவிட்டது)

வேஸ்ட்கேட் திறக்கவில்லை. காற்றழுத்தத்தால் திறக்கும் வகையில் ஆக்சுவேட்டருக்குப் போகும் ட்யூப் கழன்றிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். ட்யூப் சரியாக இருந்தால் கம்பி சிக்கியிருக்கிறது. இதில் அழுத்தி ஓட்டிச் சோதிக்க வேண்டாம், நேராக மெக்கானிக்.

### கோடு எதுவும் இல்லை, ஆனால் முன்போல் இல்லை

கடைசியாக எந்தப் பெட்ரோல் போட்டீர்கள்? கையேட்டில் 95 ஆக்டேன் கேட்கும் என்ஜினுக்கு 91 போட்டால், நாக் சென்சார் (என்ஜினுக்குள் தட்டும் அதிர்வை உணர்வது) பொறி விழும் நேரத்தைப் பின்தள்ள வைக்கும், இழுவை குறையும், விளக்கு எரியாது. சரியான பெட்ரோலில் ஒன்றிரண்டு டேங்க் ஓடியதும் திரும்பி வரும்.

அடுத்து பிரேக். பத்து நிமிடம் ஓட்டி, முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டுங்கள். தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தின் பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, காற்றளவு சென்சார். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் ஆகாது, துணியால் துடைக்கவும் கூடாது. முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அப்புறம் ஸ்கேனரில் மேனிஃபோல்ட் அழுத்தத்தை (சிலிண்டர்களுக்குப் போகும் காற்றின் அழுத்தம்) பாருங்கள். என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் கடல்மட்ட ஊர்களில் 100 கிலோபாஸ்கல் அருகே காட்டும், மலையில் அதைவிடக் குறையும். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, காலியான சாலையில் மூன்றாம் கியரில் 2000 சுற்றிலிருந்து முழுதாக அழுத்துங்கள். ஆரோக்கியமான வண்டி பெரும்பாலும் 170-க்கு மேலே போகும். 110, 120-லேயே நின்றால் அழுத்தம் உருவாகவில்லை, மேலே சொன்ன ஹோஸ் வேட்டைக்குத் திரும்புங்கள். அழுத்தம் நன்றாக ஏறியும் வண்டி ஏறவில்லை என்றால் சைலன்சர் பக்கம் அடைப்பு இருக்கலாம். புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்த வண்டி, என்ஜின் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் ஏறாமல் மூச்சு முட்டி நிற்கும். ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பது மெக்கானிக் வேலை.

## அறிகுறி: அழுத்தினால் வெட்டி வெட்டி இழுக்கிறது

ஐடிலில் ஒழுங்காக இருக்கும், தட்டையான சாலையில் ஒழுங்காக இருக்கும். மேட்டிலோ முந்தும்போதோ அழுத்தினால் குலுங்கும். கோடு பி0300 அல்லது பி0301 முதல் பி0304 வரை. கடைசி எண்தான் எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பது.

செக் என்ஜின் விளக்கு மினுக்கினால் உடனே காலைத் தளர்த்துங்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். ஒரு ஸ்பார்க் பிளக்கில் முடிந்திருக்க வேண்டிய செலவு அங்கே போய் நிற்கும்.

இக்னிஷன் காயிலை (பிளக்குக்குப் பொறி விழ மின்சாரம் தருவது) இடம் மாற்றிப் பாருங்கள். கோடு பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டில் மாட்டி, கோடை அழித்துவிட்டு அதே மேட்டில் ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0302 வந்தால் காயிலைக் குறை சொல்லாதீர்கள், பிளக்கைக் கழற்றுங்கள். இந்த ஒரு சோதனை தெரியாததால் நான்கு காயிலையும் மாற்றியவர்கள் எத்தனையோ பேர்.

டர்போ என்ஜினில் பிளக் இடைவெளி முக்கியம். அழுத்தமான காற்றைத் தாண்டிப் பொறி குதிக்க வேண்டும். பல டர்போ என்ஜின்களில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை கேட்பார்கள். தேய்ந்து 1 மி.மீ. தாண்டியிருந்தால் ஐடிலில் தெரியாது, அழுத்தும்போதுதான் தெரியும். இரிடியம் பிளக்கின் நடுமுனையை நெம்பி இடைவெளி திருத்தாதீர்கள், உடைந்துவிடும். என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள், டார்க் ரென்ச் வைத்துத்தான் மாட்டுங்கள்.

பிளக்கும் காயிலும் சரி, காலையில் முதல் முறை போடும்போது மட்டும் அரை நிமிடம் நடுங்கிவிட்டு அப்புறம் சரியாகிறது என்றால், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் என்ஜின்களுக்கே உரிய இன்டேக் வால்வு (காற்று நுழையும் வால்வு) கார்பன் படிவாக இருக்கலாம். பெட்ரோல் அந்த வால்வின் மேல் படாததால் கழுவப்படுவதே இல்லை. டேங்கில் ஊற்றும் மருந்துகள் இதற்குப் பயன்படாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத்தூளைக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்யும் ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள்.

குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில் அழுத்தும்போது சுத்தியலால் அடித்ததுபோல் ஒரே ஓர் 'டக்' கேட்டால் விளையாட வேண்டாம். பொறிக்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்கிறது, பிஸ்டன் உடையும் ரகம். கியரைக் குறைத்து ஓட்டுங்கள். ஆயில் டப்பாவில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியத் துறை அமைப்பு) வகுத்த எஸ்பி தரம் எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆயில் இந்தக் கோளாறைக் குறைக்கிறதா என்று பார்க்கும் சோதனை 2018-இல் வந்த எஸ்என் பிளஸ் தரத்தில் சேர்க்கப்பட்டது, 2020-இல் வந்த எஸ்பியிலும் தொடர்கிறது. அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

## அறிகுறி: புதுச் சத்தம்

அழுத்தும்போது மட்டும் 'ஸ்ஸ்' என்று காற்று சீறினால் ஹோஸ் கசிவு. சைரன்போல் சுற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளை, நாளுக்கு நாள் கூடினால் டர்போ பேரிங். காலை எடுக்கும்போது புறா இறக்கை அடிப்பதுபோல் படபடத்தால் டைவர்ட்டர் வால்வு திறக்கவில்லை. மெல்ல ஓட்டும்போது தகரம் நடுங்குவதுபோல் கேட்டால் வேஸ்ட்கேட் கம்பியின் மூட்டு தேய்ந்திருக்கிறது அல்லது சைலன்சர் பக்கத்து வெப்பத் தகடு தளர்ந்திருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம், ஒரு கிளாம்ப்பில் தீரும்.

## அறிகுறி: புகை

நிறத்தைப் பாருங்கள், எப்போது வருகிறது என்றும் பாருங்கள்.

நீலம். ஆயில் எரிகிறது. முதலில் டிப்ஸ்டிக். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் வெளியே எடுங்கள். அடுத்து பிசிவி வால்வு, என்ஜினின் அடியில் உள்ள கிராங்க் அறையில் சேரும் வாயுவை வெளியேற்றுவது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முயலுங்கள்: மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வரவே மறுத்தாலோ, திறந்ததும் உள்ளிருந்து காற்று வேகமாக ஊதினாலோ பிசிவி சரியில்லை. கிராங்க் அறைக்குள் அழுத்தம் ஏறினால் டர்போவின் ஆயில் திரும்ப வழியில்லாமல் சீல் வழியே வெளியே வரும். நல்ல டர்போவும் கெட்ட டர்போபோல் நடிக்கும். பிசிவியும் திரும்பும் குழாயும் சரி, இன்டர்கூலரின் அடிக்குழாயைக் கழற்றினால் ஆயில் பிசுக்காக இல்லாமல் வழிந்து கொட்டுகிறது என்றால்தான் டர்போ சீல்.

வெள்ளை, நிற்காமல், இனிப்பு வாசனையோடு. கூலன்ட் எரிகிறது. ஹெட் கேஸ்கெட் அல்லது தண்ணீரால் குளிரும் டர்போவின் கூடு. ஓட்டாதீர்கள். குளிர் காலையில் ஐந்து நிமிடம் வந்து மறையும் வெள்ளை வெறும் நீராவி.

கறுப்பு. சென்சார் அளந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோல் போகிறது, ஆனால் காற்று வழியில் கசிந்துவிட்டது. மறுபடியும் ஹோஸ்தான்.

## அறிகுறி: டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறிக்கொண்டே போகிறது

குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள், ஏறினால் 'பரவாயில்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், சிலிண்டர் சுவர் வழியே பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. குளிரான இடத்தில், தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் நேரடி இன்ஜெக்ஷன் டர்போ வண்டிகளில் இது வரும். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு முறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும்படி அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். நீளமாக ஓட்டியும் ஏறினால் இன்ஜெக்டர் அல்லது உயரழுத்தப் பெட்ரோல் பம்ப் கசிகிறது. ஆயில் காப்பி நிறத்தில் பாலாக மாறியிருந்தால் அது கூலன்ட், வண்டியைக் கிளப்பவே வேண்டாம்.

## அறிகுறி: மெதுவாகத் திரும்பும்போது வண்டி இறுக்கி, குதிக்கிறது

ஆல் வீல் டிரைவ் வண்டிக்காரர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இது. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்தினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும், டயர் தத்தித் தத்திக் குதிக்கும்.

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். சிமென்ட் தரையில் ஒரு வட்டம், பிறகு சரளையிலோ மணலிலோ அதே வட்டம். மணலில் குதிப்பு மறைந்தால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருக்கின்றன. சக்கரம் வழுக்கிச் சமாளிக்க இடம் கிடைத்ததால் மறைந்தது. மணலிலும் அப்படியே இருந்தால் பிரச்சினை வேறு: 'டிக் டிக்' என்று சத்தத்தோடு வந்தால் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் மூட்டு), ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும்.

பூட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு:

லாக் பட்டன். அழுத்திவிட்டு மறந்திருக்கலாம். சிரிக்காதீர்கள், நானே மறந்திருக்கிறேன். சில வண்டிகளில் வேகம் ஏறினால் தானே விடும், பார்க்கிங் வேகத்தில் விடாது.

காற்று. நான்கு டயரிலும் கதவோரம் ஒட்டிய அட்டையில் உள்ள அளவு.

டயர். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். தெரிந்த ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கியர்பாக்ஸ் பார்த்தாயிற்று, பின் சக்கரங்களுக்கு விசையை இணைக்கும் கப்ளிங்கை மாற்றச் சொல்லிவிட்டார்களாம். நான் டயரைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் பளபளவென்று புதுசு, பின்னால் இரண்டும் பாதி தேய்ந்தவை. "ரெண்டு போதும்னு டயர் கடையில சொன்னாங்க." முன்சக்கர டிரைவ் காருக்கு அது ஒத்துப்போகலாம். இங்கே சுற்றளவு வேறுபட்டால் கப்ளிங் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வித்தியாசத்தைத் தின்றுகொண்டே இருக்க வேண்டும், சூடேறித் தேயும்.

கணக்கு எளிது. டயர் பட்டனின் (தரையைப் பிடிக்கும் மேடு) ஆழத்தில் 1 மி.மீ. வித்தியாசம், சுற்றளவில் 6.3 மி.மீ. வித்தியாசம். சுபாரு நான்கு டயருக்கும் இடையே அனுமதிப்பது கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ. மட்டும்தான். மற்றவர்கள் கொஞ்சம் தாராளம், உங்கள் கையேட்டைப் பாருங்கள். தையல் டேப்பை டயரின் நடுவில் சுற்றி நான்கையும் அளந்து எழுதுங்கள். அவர் வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் 25 மி.மீ. வித்தியாசம். பின்னாலும் அதே டயர் போட்டார், குதிப்பு போயிற்று. கப்ளிங் இன்னும் பழையதே.

ஒரு டயர் மட்டும் கிழிந்தால் என்ன செய்வது? மற்ற மூன்றும் புதுசாக இருந்தால் ஒன்று போதும். இல்லாவிட்டால் புது டயரை மற்றவற்றின் ஆழத்துக்குச் சீவித் தரும் கடை இருக்கிறதா கேளுங்கள், அல்லது நான்கும். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக வகை என்றால் டயர் கடை வரைக்கும் மட்டும், மெதுவாக.

கப்ளிங் ஆயில். பின் டிஃபரன்ஷியல் அருகே உள்ள கப்ளிங்குக்குத் தனி ஆயில் உண்டு. 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று சொல்வதை நான் நம்புவதில்லை. ஹால்டெக்ஸ் என்ற பெயரில் வரும் கப்ளிங் வகையில் நான்காம் தலைமுறை வரை மாற்றக்கூடிய ஃபில்டர் இருந்தது. ஐந்தாம் தலைமுறையில் அதை எடுத்துவிட்டு பம்பில் ஒரு சல்லடை மட்டும் வைத்தார்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு அந்தச் சல்லடையைத் தொடாமல் விட்டால் கசடு அங்கேயே இருந்து பம்பைச் சாப்பிடும். வேலை கொடுக்கும்போது "பம்பைக் கழற்றிச் சல்லடையையும் கழுவுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சரியான ஆயில் தவிர வேறு ஊற்ற விடாதீர்கள், கியர் ஆயில் அதற்கு ஆகாது.

டயர் சரி, ஆயில் புதுசு, இன்னும் பூட்டுகிறது என்றால் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி உங்கள் கையில் ஒன்றும் இல்லை, டிரான்ஸ்மிஷன் தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: ஆல் வீல் டிரைவ் விளக்கு எரிகிறது

மணலிலோ சேற்றிலோ நீண்ட நேரம் உறுமிய பிறகு எரிந்தால், கப்ளிங் சூடாகிவிட்டது. என்ஜினை ஐடிலில் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். தினமும் எரிந்தால் அது வேறு விஷயம்.

ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரிகிறதா? அப்படியானால் பெரும்பாலும் டிரைவில் குறையில்லை, ஒரு சக்கரத்தின் வேக சென்சார் போயிருக்கும். எந்தச் சக்கரம் என்று ஏபிஎஸ் கோடு படிக்கும் ஸ்கேனர் சொல்லும். ஒயர் அறுந்திருக்கலாம், சென்சார் முனையில் இரும்புத்தூள் அப்பியிருக்கலாம். ஆல் வீல் டிரைவ் விளக்கு மட்டும் எரிந்தால் ஃப்யூஸ், பிறகு பேட்டரி வோல்ட்டேஜ் (வலுவிழந்த பேட்டரி இந்த விளக்குகளைச் சும்மா எரியவிடும்), பிறகு கப்ளிங் பம்ப்.

விளக்கு எரியவில்லை, பின் சக்கரம் வேலை செய்கிறதா என்று மட்டும் சந்தேகமா? தளர்ந்த மண்ணில் நேராக நிறுத்தி, வெளியே ஒருவரைப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொல்லி, சட்டென்று அழுத்துங்கள். பின் சக்கரமும் மண்ணை உதைக்க வேண்டும். முன்சக்கரம் மட்டும் குழி பறித்தால் பம்பையும் சல்லடையையும் பார்க்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியர் போட்டுச் சோதிக்கவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு விசை போய் வண்டி ஜாக்கியிலிருந்து குதித்து ஓடிவிடும்.

## உடனே நிறுத்த வேண்டியவை

ஆயில் பிரஷர் விளக்கு, டர்போவிலிருந்து உலோகம் உரசும் ஊளை, நிற்காத வெள்ளைப் புகை, வெப்ப முள் சிவப்பில் — இவற்றில் ஒன்று வந்தாலும் 'வீடு வரை' என்று இழுக்காதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடும்போதே ஆல் வீல் டிரைவ் என்று சொல்லிவிடுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின் சக்கரம் உருள இழுத்துப் போனால் கப்ளிங்கும் சேர்ந்து போகும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வண்டிதான் வர வேண்டும், வேறு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள்.